கெட்டில்ஸ் யார்டு: வீடும் அருங்காட்சியகமும்

கெட்டில்ஸ் யார்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் காசில் தெருவை ஒட்டி, புனித பீட்டர் தேவாலயத்துக்கு அருகில் அமைந்துள்ள சிறிய கலை அருங்காட்சியகம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த ஓவியங்களும் சிற்பங்களும் இதன் சேகரிப்பில் முக்கியமானவை. ஜிம் ஈட் (1895–1990) என்பவரும் அவருடைய மனைவி ஹெலனும் 1957 முதல் 1973 வரை குடியிருந்த வீடு இது. 1966இல் இவ்வீடும் சேகரிப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டன. நாற்காலி, மேசை, கட்டில், புத்தக அலமாரி, பூச்சாடி, கூழாங்கல் ஆகியவை ஈட் வைத்த ஒழுங்கிலேயே இன்றும் பேணப்படுகின்றன. அவற்றுக்கு நடுவில்தான் கலைப்படைப்புகளும் இருக்கின்றன.

கலைக்கும் அன்றாட வாழ்வுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுவோர் இந்த வீட்டைப் பாராட்டாமல் இருப்பதில்லை. அந்தப் பாராட்டு தகுதியானதே. ஆனால் பெரும்பாலும் அது பொருள்களை அடுக்கியிருக்கும் அழகோடு நின்றுவிடுகிறது. இவ்வீடு செய்த பெரிய செயல் வேறு. முன்பின் அறியாதவர்களுக்குக் கதவைத் திறந்து, உட்காரவைத்து, படத்தைக் கையில் கொடுத்தனுப்பியதே அது. பொருளை அதே இடத்தில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். விருந்தோம்பலை அப்படிக் காப்பாற்ற முடியுமா என்பதே கெட்டில்ஸ் யார்டை மதிப்பிடுவோர் கேட்க வேண்டிய கேள்வி.

வீடு உருவான விதம்

ஜிம் ஈட் வேல்சு நாட்டின் பெனார்த் என்னும் ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் உள்ள லீஸ் பள்ளியில் படித்தார். அங்குள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்குச் சென்று படங்களைப் பார்க்கும் பழக்கம் பள்ளி நாள்களிலேயே அவருக்கு ஏற்பட்டது. ஓவியராக வேண்டும் என்று விரும்பினார். முதல் உலகப்போர் குறுக்கிட்டது. போருக்குப் பின் 1920களின் தொடக்கத்தில் லண்டன் டேட் கலைக்கூடத்தில் உதவிக் காப்பாளர் பணியில் சேர்ந்து, 1936 வரை அங்கிருந்தார்.

அக்காலத்தில் பென் நிக்கல்சன், வினிஃபிரட் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட், டேவிட் ஜோன்ஸ் போன்ற இளம் ஓவியர்கள் அவருக்கு நண்பர்களானார்கள். பெரிய நிறுவனங்கள் அவர்களைப் பொருட்படுத்தாத காலம் அது. ஈட் பணக்காரர் அல்லர். நண்பர்கள் கொடுத்ததும், விற்காமல் கிடந்ததும், மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்ததுமாகச் சேர்ந்ததே அவருடைய சேகரிப்பு. 1915இல் தம் இருபத்து மூன்றாம் வயதில் போர்முனையில் இறந்த பிரெஞ்சுச் சிற்பி ஆன்றி கோதியே-பிரெஸ்காவின் படைப்புகளில் பெரும்பகுதி 1927இல் அவர் கைக்கு வந்தது. அச்சிற்பியின் வாழ்க்கையை அவர் எழுதிய 'சேவேஜ் மெசையா' என்னும் நூல் 1931இல் வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டது.

டேட் பணியிலிருந்து விலகிய ஈட் குடும்பத்தார் மொராக்கோவின் டாஞ்சியர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். போர்க்காலத்தையொட்டி, ஜிப்ரால்டரில் பணியாற்றிய படைவீரர்கள் விடுமுறையில் வந்து தங்கிச் செல்லும் இல்லமாக அவர்களுடைய வீடு இருந்தது. வந்தவர்களுக்கு ஓய்வு, உணவு, அமைதி ஆகியவற்றோடு பார்ப்பதற்குப் படங்களும் கிடைத்தன. கேம்பிரிட்ஜில் பின்னாளில் நடந்ததன் முதல் வடிவம் இதுவே.

1956இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த ஈட், ஒரு பெரிய பழைய மாளிகையில் கலையும் வாழ்வும் கலந்த ஓர் இல்லத்தை அமைக்க நினைத்தார். மாளிகை கிடைக்கவில்லை. கிடைத்தவை, குடியிருக்கத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டிருந்த நான்கு சின்னஞ்சிறு வீடுகள். அவற்றை ஒன்றாக இணைத்துச் சீரமைத்து 1957இல் குடியேறினார். பல்கலைக்கழகப் பருவ நாள்களில் பிற்பகல்தோறும் கதவு திறந்திருந்தது. மணியை அடித்த மாணவரை ஈட் தாமே வரவேற்று வீட்டைச் சுற்றிக் காட்டினார், தேநீரும் உண்டு.

பொருளும் கலையும் ஒரே வரிசையில்

இவ்வீட்டில் மிகவும் அறியப்பட்டது ஓர் எலுமிச்சம்பழம். வெள்ளீயத் தட்டு ஒன்றில் அது தனியாக வைக்கப்பட்டிருக்கும். எதிரே ஸ்பெயின் ஓவியர் ஜோன் மிரோ 1927இல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. அதில் சிறிய மஞ்சள் புள்ளி இருக்கிறது. பழத்தின் மஞ்சளும் புள்ளியின் மஞ்சளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி ஈட் அமைத்தார். ஓவியத்தை மட்டும் பார்ப்பவர் அந்தப் புள்ளியைக் கடந்து போய்விடக்கூடும். பழத்தைப் பார்த்தபின் கடந்து போக முடியாது. விலைமதிப்புள்ள ஒன்றைச் சந்தையில் கிடைக்கும் ஒன்று விளக்கிவிடுகிறது.

இதே முறை வீடு முழுவதும் உண்டு. உருண்டைக் கூழாங்கற்கள் ஒரு மேசை மேல் பெரியதிலிருந்து சிறியதுவரை சுருள் வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. பிரான்குசியின் 'புரொமிதியஸ்' என்னும் தலைச்சிற்பம் பியானோவின் மேல் இருக்கிறது. அதன் நிழல் பியானோவின் பளபளப்பில் விழுகிறது. சில படங்கள் சுவரில் மிகத் தாழ்வாக மாட்டப்பட்டுள்ளன. நிற்பவருக்கு அவை சரியாகத் தெரியா. நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும். பார்வையாளர் நாற்காலிகளில் உட்காரலாம் என்பது இவ்வீட்டின் வழக்கம். பெரிய கலைக்கூடங்களில் நாற்காலி என்பது காவலருக்கு உரியது, அல்லது கயிறு கட்டிய காட்சிப்பொருள். இங்கே அது பார்ப்பதற்கான கருவி.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உள்ளது. கூழாங்கல்லைச் சிற்பத்துக்கு அருகில் வைத்தால் சிற்பத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று ஈட் அஞ்சவில்லை. கல்லைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குச் சிற்பமும் தெரியும் என்று நம்பினார். கலையறிவு இல்லாதவர் என்று தம்மை நினைத்துக்கொள்பவரும் ஆற்றங்கரையில் ஒரு கல்லைப் பொறுக்கிக் கையில் உருட்டிப் பார்த்திருப்பார். அந்த அனுபவத்திலிருந்தே தொடங்கலாம் என்பது நல்ல கற்பித்தல் முறை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லப்படும் விதியை ஈட் சுவர்களாலும் மேசைகளாலும் நடத்திக் காட்டினார்.

ஆல்பிரட் வாலிஸின் அட்டைகள்

சேகரிப்பின் இதயம் என்று சொல்லத்தக்கவை ஆல்பிரட் வாலிஸின் ஓவியங்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை இங்கு உள்ளன. வாலிஸ் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் வாழ்ந்தவர். கடல் தொழிலிலும், பின்பு கப்பல் சார்ந்த பழம்பொருள் வணிகத்திலும் இருந்தவர். மனைவி இறந்தபின், ஏறத்தாழ எழுபது வயதில், தனிமைக்குத் துணையாக வரையத் தொடங்கினார். கித்தான் வாங்க வசதியில்லை. கிழிந்த அட்டைப்பெட்டிகளின் மீது, படகுக்கு அடிக்கும் வண்ணத்தைக்கொண்டு, தாம் முன்பு கண்ட கப்பல்களையும் துறைமுகங்களையும் வரைந்தார். அட்டை எந்த வடிவத்தில் கிழிந்திருந்ததோ அந்த வடிவத்துக்கு ஏற்பக் கடலும் கப்பலும் வளைந்தன.

1928இல் பென் நிக்கல்சனும் கிறிஸ்டோபர் வுட்டும் அவருடைய வீட்டை எதிர்பாராமல் கண்டனர். அவர்கள் வழியாக ஈட் அறிந்துகொண்டார். அதன்பின் வாலிஸ் தம் படங்களைக் கட்டுக்கட்டாகத் தபாலில் ஈட்டுக்கு அனுப்புவார். ஈட் வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, அளவுக்கு ஏற்ப ஒன்றிரண்டு ஷில்லிங் வீதம் பணம் அனுப்புவார்.

இந்தப் படங்கள் கெட்டில்ஸ் யார்டின் கொள்கைக்குச் சிறந்த சான்று. அன்றாட வாழ்விலிருந்து, அன்றாடப் பொருளின் மீது, கலைப்பள்ளிக்குப் போகாத ஒருவர் செய்தவை அவை. ஆனால் இதே படங்கள் அக்கொள்கையின் கூச்சமூட்டும் பக்கத்தையும் காட்டுகின்றன. வாலிஸ் 1942இல் மாட்ரன் ஏழையர் விடுதியில் இறந்தார். அவருடைய கல்லறைக்கு மண் ஓடுகள் செய்து கொடுத்தவர் புகழ்பெற்ற மட்பாண்டக் கலைஞர் பெர்னார்டு லீச். கலைஞர்கள் அவரை மதித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த மதிப்பு அவருடைய இறுதி நாள்களை ஏழையர் விடுதியிலிருந்து காக்கவில்லை. அமைதியான வெள்ளைச் சுவரில் வாலிஸின் கப்பலைப் பார்ப்பவருக்கு இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது. எளிமை என்பது ஈட்டுக்கு விரும்பித் தேர்ந்துகொண்ட அழகு. வாலிஸுக்கு அது வேறு வழியில்லாத நிலை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

பெயர்ச்சீட்டு இல்லாத சுவர்

கெட்டில்ஸ் யார்டு வீட்டில் படங்களின் அருகே பெயர்ச்சீட்டுகள் இல்லை. யார் வரைந்தது, எப்போது, என்ன விலைமதிப்பு என்பவை எதுவும் சுவரில் எழுதப்படவில்லை. வீட்டில் யாரும் படத்துக்குக் கீழே குறிப்பு எழுதி ஒட்டுவதில்லை என்பதே காரணம். இதனால் பார்வை நேராகப் படத்துக்குச் செல்கிறது. பெரிய பெயருக்கு முன் வாய்பிளந்து நிற்கும் பழக்கம் குறைகிறது. மிரோவுக்கும் வாலிஸுக்கும் சம இடம் கிடைக்கிறது.

இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. ஈட் வீட்டில் இருந்தபோது பெயர்ச்சீட்டு தேவைப்படவில்லை. ஏனெனில் பெயர்ச்சீட்டின் வேலையை அவரே செய்தார். கேட்டவருக்குக் கதை சொன்னார். அவர் இல்லாத வீட்டில், முன்பே அறிந்தவர் தாமே அடையாளம் கண்டு மகிழ்வார். அறியாதவர் அமைதியாகச் சுற்றிவிட்டு வெளியேறுவார். கேட்பதற்குக் கூச்சமில்லாதவருக்கு விடைசொல்லப் பணியாளர்கள் அறைகளில் இருக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்துக்கு முதன்முதலாக வருபவருக்குக் கூச்சமே முதல் தடை. எனவே பெயர்ச்சீட்டு இல்லாமை விருந்தோம்பலாக அமைவதும் விலக்கலாக அமைவதும் அறையில் இருக்கும் மனிதரைப் பொறுத்தது. அந்த மனிதர் முதலில் பேச்சுக் கொடுத்தால் வீடு வீடாகிறது. கைகட்டி நின்றால் அது வெறும் காட்சியறை.

இரவல் கொடுத்த படங்கள்

ஈட் செய்தவற்றுள் மிகத் துணிவானது படங்களை இரவல் கொடுத்தது. மாணவர்கள் தங்கள் விடுதி அறைகளில் மாட்டிக்கொள்ளப் படங்களை எடுத்துச் செல்லலாம் என்றார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த படத்தைப் பெற்றுச் செல்கிறார்கள்.

ஒரு படத்தை அருங்காட்சியகத்தில் சில நிமிடம் பார்ப்பதும், பல மாதம் தன் கட்டிலுக்கு எதிரே வைத்திருப்பதும் வெவ்வேறு. தேர்வுக்குப் படிக்கும் இரவிலும், காய்ச்சலில் படுத்திருக்கும் பகலிலும், நண்பரோடு சண்டையிட்ட மறுநாள் காலையிலும் அந்தப் படம் அங்கேயே இருக்கும். சில நாள் அது கண்ணிலேயே படாது. சில நாள் அதைத் தவிர வேறெதுவும் படாது. கலையும் அன்றாட வாழ்வும் கலப்பது என்றால் இதுதான். படம் சேதமடையலாம் என்ற அச்சம் எந்தக் காப்பாளருக்கும் இயல்பு. ஈட் அந்த அச்சத்தைவிட மாணவர் மீதான நம்பிக்கையைப் பெரிதாக வைத்தார். நம்பப்பட்டவர் பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார் என்பது வகுப்பறை நூலகம் நடத்திய எந்த ஆசிரியரும் அறிந்த உண்மை.

அதே வேளையில் இத்திட்டத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். பெயருக்கு ஏற்றபடி இது மாணவர் திட்டம். உலகின் மிகப் பெரிய வாய்ப்புகளில் ஒன்றை ஏற்கெனவே பெற்றுவிட்ட இளைஞர்களுக்கே இந்த நம்பிக்கையும் முதலில் கிடைக்கிறது.

வீட்டில் தெரியாதவர்கள்

ஒழுங்காக அடுக்கப்பட்ட வீட்டைக் காணும்போது அதை அடுக்கியவரின் பெயர் நினைவுக்கு வரும். நாள்தோறும் அந்த வீட்டில் வாழ்ந்த மற்றவர் பெயர் மறந்துவிடும். ஹெலன் ஈட் எடின்பரோவில் ஜெர்மன் மொழிப் பேராசிரியராக இருந்த ஒருவரின் மகள். 1921இல் ஜிம்மை மணந்தார். தம் வீட்டின் கூடம் பிற்பகல்தோறும் அந்நியருக்குத் திறக்கப்படுவது அவருடைய வாழ்க்கையும்தான். கெட்டில்ஸ் யார்டைப் பற்றிய பேச்சில் ஜிம்மின் கண் எவ்வளவோ புகழப்படுகிறது. ஹெலனின் பொறுமைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இடமும் இல்லை. கதவைத் திறந்து வைக்கும் வீட்டில், திறந்தவருக்குப் புகழும் உடன் வாழ்ந்தவருக்கு மௌனமும் சேர்வது நியாயமன்று.

இன்னொரு மௌனமும் உண்டு. அந்த நான்கு சிறு வீடுகளும் ஈட் வருவதற்கு முன் ஏழைகள் குடியிருந்தவை. அவர்களுடைய அடுப்பும் பாத்திரமும் தொட்டிலும் இன்றைய வீட்டில் எங்கும் இல்லை. அன்றாட வாழ்வைக் கொண்டாடும் ஓர் அருங்காட்சியகத்தில், அதே கூரையின் கீழ் முன்பு நடந்த அன்றாட வாழ்வின் தடம் அழிந்திருப்பது முரண். ஈட்டைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இடிபட இருந்த சுவர்களைக் காப்பாற்றியவர் அவர்தான். ஆனால் 'அன்றாடம்' என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது அது யாருடைய அன்றாடம் என்று கேட்பது நேர்மையான விமர்சனத்தின் கடமை.

புரவலர் சென்ற பின்

1970இல் கட்டடக் கலைஞர் லெஸ்லி மார்ட்டின், டேவிட் ஓவர்ஸ் ஆகியோர் வடிவமைத்த புதிய பகுதி வீட்டோடு சேர்ந்தது. கூரையிலிருந்து ஒளி இறங்கும் அகன்ற கூடம் அது. அதன் திறப்பையொட்டி ஜாக்குலின் டு பிரேயும் டேனியல் பாரன்பாயும் இசை நிகழ்த்தினர். சிறு கச்சேரிகள் நடத்தும் வழக்கம் இன்றும் உண்டு. 1973இல் ஈட் தம்பதியர் எடின்பரோவுக்குச் சென்றுவிட்டனர். அங்கு ஜிம் மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் கூறும் பணியைச் செய்துவந்தார். அருங்காட்சியகம் அமைப்பதும் நோயாளியின் அருகில் உட்காருவதும் அவருக்கு வெவ்வேறு வேலைகளாக இருக்கவில்லை என்பது இதனால் புலப்படும்.

அவர் சென்ற பின் வீடு நிறுவனமாயிற்று. 2018இல் ஜேமி ஃபோபர்ட் வடிவமைத்த விரிவாக்கத்துடன், கல்விப் பிரிவு, கண்காட்சிக் கூடங்கள், சிற்றுண்டியகம் ஆகியவற்றோடு மீண்டும் திறக்கப்பட்டது. வீட்டைப் பார்க்க நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வாங்கும் முறை வந்தது. கூட்டம் பெருகிய நிலையில் இது தவிர்க்க முடியாதது. எலுமிச்சம்பழம் வாடினால் புதிது வைக்கப்படுகிறது. பூச்சாடிகளில் புதிய பூக்கள் மாறுகின்றன. இவையெல்லாம் அக்கறையான பணிகள். ஆனால் அந்தப் பழத்தை யாரும் பிழிந்து குடிப்பதில்லை. யாரும் வாழாத வீட்டில் அன்றாடம் என்பது அன்றாடத்தின் நினைவாக மாறிவிடுகிறது. தம் இல்லம் அருங்காட்சியகமாக எண்ணப்படக் கூடாது, தொடர்ந்து வாழப்படும் ஒரு வாழ்முறையாக இருக்க வேண்டும் என்பதே ஈட்டின் விருப்பம். பொருள்களை அசையாமல் வைப்பதால் மட்டும் அந்த விருப்பம் நிறைவேறாது.

நிறைவேறக்கூடிய வழி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பிரிட்டனின் நகரங்களுள் வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்தது என்று நகர ஆய்வு நிறுவனமான சென்டர் ஃபார் சிட்டீஸ் கூறியுள்ளது. கெட்டில்ஸ் யார்டிலிருந்து ஓரிரு மைல் தொலைவில் ஆர்பரி, கிங்ஸ் ஹெட்ஜஸ் போன்ற வட கேம்பிரிட்ஜ் குடியிருப்புகள் உள்ளன. அங்கு வாழும் பலருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவுகள் தம் ஊரிலேயே இருக்கும் அந்நியக் கதவுகள். இதை உணர்ந்து, கெட்டில்ஸ் யார்டு 'ஓபன் ஹவுஸ்' என்னும் திட்டத்தின் மூலம் கலைஞர்களை அப்பகுதி மக்களோடு இணைந்து பணிபுரியச் செய்தது. ஈட்டின் பிற்பகல் விருந்தோம்பலுக்கு உண்மையான வாரிசு இதுவே. மணியடித்து வருபவருக்குத் திறப்பது ஒரு நிலை. மணியடிக்கத் துணியாதவரின் தெருவுக்குச் செல்வது அடுத்த நிலை.

மதிப்பீடு

கெட்டில்ஸ் யார்டிடமிருந்து பிற சிறு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்வது அடுக்கும் முறையை: வெள்ளைச் சுவர், இயற்கை ஒளி, கூழாங்கல், ஒரு பூ. இது எளிதில் பின்பற்றக்கூடியது. அதனாலேயே விரைவில் வெறும் பாணியாகிவிடக்கூடியது. கற்றுக்கொள்ளக் கடினமானவை மூன்று. முதலாவது, வருபவரை உட்காரச் சொல்லி அவரிடம் பேசுவது. இரண்டாவது, பொருளை நம்பிக் கையில் கொடுப்பது. மூன்றாவது, இதுவரை வராதவரைத் தேடிச் செல்வது. இம்மூன்றுக்கும் பெரிய கட்டடம் தேவையில்லை. ஆனால் பணியாளரும் நேரமும் தேவை. நிதி குறையும்போது நிறுவனங்கள் முதலில் வெட்டுவதும் இவற்றையே.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இப்படி ஓர் இல்லம் இருக்க வேண்டும் என்று ஈட் விரும்பினார். அவ்விருப்பத்தை இன்னும் சற்று விரித்துக்கொள்ளலாம். இரவல் படம் ஒன்று விடுதி அறையைத் தாண்டி ஆர்பரியில் ஒரு குடும்பத்தின் கூடத்துக்கும், ஒரு முதியோர் இல்லத்தின் நடைகூடத்துக்கும், கடைநிலை ஊழியர் ஓய்வெடுக்கும் அறைக்கும் வழக்கமாகச் செல்லத் தொடங்கினால், 1957இல் நான்கு சிதைந்த வீடுகளில் தொடங்கிய செயல் அதன் இயல்பான இடத்தைச் சென்றடையும். அதுவரை கெட்டில்ஸ் யார்டு மிக அழகிய வீடு. வந்தவரை அன்போடு ஏற்கும் வீடு. வராதவர்களுக்கு இன்னும் கடன்பட்டிருக்கும் வீடு.